குடிக்காதவருக்கும் கணையத்தில் கல் வரும்!

தூத்துக்குடி என்றதும் முதலில் ஞாபகத்துக்கு வருவது முத்து. சிப்பிக்குள் கால்சியம் கார்பனேட் படலம் படலமாகப் படிந்துதான் முத்து உருவாகிறது. அங்கே முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-இல். சிப்பியில் முத்தாகும் இதே பொருள், சிலருடைய கணையத்துக்குள்ளும் படிகிறது. ஆனால் அங்கே அது கல்லாகி ஆளையே உருக்கிவிடுகிறது!

ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. பையன் பிளஸ் ஒன் படிக்கிறான். ஒல்லி உடம்பு. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேல் வயிற்றில் சுருட்டிப் பிடிக்கிறது. வலி முதுகுக்குப் பாய்கிறது. முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. "ஒண்ணுமில்ல ராசா, சூடு புடிச்சிருக்கு. வெந்தயத்த முழுங்கிட்டு மோர் குடி" என்கிறார் ஆச்சி. மருந்துக் கடையில் 'கேஸ்' மாத்திரை வாங்குகிறார்கள். இரண்டு நாளில் வலி போய்விடுகிறது. எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

சில வருஷம் கழித்து எடை குறைகிறது, தாகம் கூடுகிறது. ரத்தத்தைப் பரிசோதித்தால் சர்க்கரை 350! ஸ்கேன் எடுத்தால் கணையத்தில் கல். உடனே சொந்தக்காரர்களுக்குச் சந்தேகம்: "பய ரகசியமா குடிக்கிறானோ?"

இது என்ன நோய்?

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகக் கிடக்கும் உறுப்பு. அதற்கு இரண்டு வேலை. சாப்பாட்டைச் செரிக்க என்சைம் சுரப்பது ஒன்று. சர்க்கரையைக் கட்டுப்படுத்த இன்சுலின் சுரப்பது இன்னொன்று. நாள்பட்ட அழற்சி வந்தால் இந்த இரண்டுமே கெடும். உலகின் பல நாடுகளில் இதற்கு முக்கியக் காரணம் மதுதான். ஆனால் நம் பக்கத்தில், குடிப்பழக்கமே இல்லாத இளவயதுக்காரர்களுக்கு வரும் ஒரு தனி வகை உண்டு. 'டிராபிகல் பேன்கிரியாட்டைட்டிஸ்', அதாவது வெப்பமண்டலக் கணைய அழற்சி என்று பெயர். அதனால் வரும் சர்க்கரை நோயை டாக்டர்கள் 'எஃப்.சி.பி.டி.' என்பார்கள். சர்க்கரை நோயாளிகளில் நூற்றில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கே இது இருக்கும். அபூர்வம் என்பதாலேயே கண்டுபிடிக்கத் தாமதமாகிறது.

1959-இல் இந்தோனேஷியாவில் சூய்டெமா என்ற மருத்துவர் இதை விவரித்தார். கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் நூற்றுக்கணக்கான நோயாளிகளைப் பார்த்துப் பதிவு செய்தார். சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் பல வருஷமாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

மரவள்ளிக்கிழங்குதான் காரணமா?

அப்படித்தான் ஒரு காலத்தில் நினைத்தார்கள். கிழங்கில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. அதைச் சாப்பிட்ட ஏழைகளிடமே நோய் அதிகம் தென்பட்டது. ஆனால் கிழங்கே தொடாதவர்களுக்கும் இது வருகிறது. வாழ்நாளெல்லாம் சாப்பிட்டவர்களில் பெரும்பாலோர் நன்றாகவே இருக்கிறார்கள். எனவே கிழங்கு மட்டுமே குற்றவாளி என்று நிரூபணமாகவில்லை. பாதிக்கப்பட்டவர்களில் கணிசமானவர்களிடம் 'ஸ்பிங்க்-1' என்ற மரபணுவில் மாறுதல் இருப்பது பின்னால் தெரிந்தது. அது இருந்தாலே நோய் வந்துவிடும் என்பதில்லை. கிழங்கு சாப்பிடுகிறவர்கள் தோலை நீக்கி, நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அது போதும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

அமைலேஸ், லைபேஸ் என்று ரத்தப் பரிசோதனை செய்து, "நார்மல்தான்" என்று வந்துவிடலாம். அதை நம்பி நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். கணையம் நாள்பட்டுச் சுருங்கிப்போன பிறகு இந்த அளவுகள் கூடாமலேயே இருக்கும்.

வயிற்றை ஒரு சாதாரண எக்ஸ்-ரே எடுத்தாலே முதுகெலும்புக்குக் குறுக்காகக் கற்கள் வெள்ளையாகத் தெரியும். அல்ட்ரா சவுண்ட் ஸ்கேன் அடுத்த படி. கணையக் குழாய் எவ்வளவு வீங்கியிருக்கிறது என்று பார்க்க சி.டி. அல்லது எம்.ஆர்.சி.பி. தேவைப்படலாம். மலத்தில் 'எலாஸ்டேஸ்' அளவைப் பார்த்தால் என்சைம் குறைவு தெரியும். மலம் எண்ணெய்ப் பசையோடு மிதக்கிறதா, நாற்றம் அதிகமா என்றும் கவனியுங்கள். எண்ணெய் குறைவாகச் சாப்பிடும் வீடுகளில் இந்த அறிகுறி வெளியே தெரியாமலும் போகும்.

என்ன செய்யலாம்?

*என்சைம் மாத்திரை:* இதைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் பலன் குறைவு. முதல் கவளத்தோடு ஒன்று, நடுவில் ஒன்று என்று உணவோடு கலக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு முழுச் சாப்பாட்டுக்கு 25,000 முதல் 50,000 யூனிட் லைபேஸ் வரை தேவைப்படலாம். அளவை டாக்டர் சொல்லட்டும். பெரும்பாலான மாத்திரைகள் பன்றிக் கணையத்திலிருந்து தயாராகின்றன. மத, உணவுப் பழக்கம் காரணமாகத் தயக்கம் இருந்தால் மாத்திரையை நிறுத்திவிடாமல் டாக்டரிடம் மனம் விட்டுப் பேசுங்கள்.

*சர்க்கரை:* பலருக்கு இன்சுலின் தேவைப்படும். ஊசியை விட்டுவிட்டாலும் இவர்களுக்குச் சட்டென்று மயக்கம் வருவது குறைவு. அதனால் அலட்சியம் வந்துவிடும். ஆனால் கண், சிறுநீரகம், நரம்பு மூன்றும் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும். இன்னொரு ஆபத்தும் உண்டு. சர்க்கரை இறங்கினால் அதை ஏற்றிவிடும் குளுக்ககான் சுரப்பும் இவர்களுக்குக் குறைந்திருக்கும். விடியலில் ஊசி போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் படகேறுவதோ ஷிஃப்டுக்கு ஓடுவதோ கூடவே கூடாது. பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். "உடன்குடிக் கருப்பட்டிதானே, சர்க்கரை ஏறாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதுவும் ஏற்றும்.

*உணவு:* பட்டினி வேண்டாம். ஏற்கெனவே மெலிந்த உடம்பு. மீன், முட்டை, பருப்பு தாராளமாகச் சேர்க்கலாம். கொழுப்பை அடியோடு ஒதுக்கத் தேவையில்லை; என்சைம் மாத்திரையோடு அளவாகச் சாப்பிடலாம். ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் குறைகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

*வலி:* கடையில் வாங்கிய வலி மாத்திரையிலேயே காலம் தள்ளினால் சிறுநீரகம் கெடும். சில மருந்துகள் அடிமையாக்கிவிடும். பெரிய கல்லை வெளியிலிருந்தே அதிர்வலையால் உடைத்து, எண்டாஸ்கோப் வழியாக எடுக்கலாம். கணையக் குழாயைத் திறந்து சிறுகுடலோடு இணைக்கும் ஆபரேஷனும் உண்டு. ஆபரேஷனைத் தள்ளிப்போடாமல் சீக்கிரமே செய்துகொண்டவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைகிறது என்று 2020-இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வு ஒன்று காட்டியது. அது மது, புகை காரணமாக வந்த நோயாளிகளையே பெரும்பாலும் கொண்ட ஆய்வு என்றாலும், வலியைச் சகித்துக்கொண்டே காலம் கடத்தாதீர்கள் என்ற பாடம் இவர்களுக்கும் பொருந்தும்.

மது, புகை இரண்டும் நோயை வேகப்படுத்தும். இந்த உடம்புக்கு அவை ஆகவே ஆகாது. கணையப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிட இவர்களுக்கு அதிகம். சரியாகிவிட்டது என்று இருக்கும்போது திடீரென்று வலி கூடினாலோ, எடை குறைந்தாலோ, மஞ்சள் காமாலை தெரிந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. பெண் குழந்தைக்கு இந்த வலி வந்தால் "மாதவிடாய் வலிதான்" என்று மூடிவிடுகிறோம். 'நாளைக்குக் கல்யாணப் பேச்சு வந்தால்?' என்று வெளியே சொல்லவும் தயங்குகிறோம். இது ஒட்டுவாரொட்டி நோய் இல்லை. ஒழுக்கக்கேட்டால் வந்ததும் இல்லை. திரும்பத் திரும்ப மேல் வயிறு வலிக்கிறதென்றால், அடுத்த முறை மருந்துக் கடைக்குப் போகும் முன் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். கல் சிறிதாக இருக்கும்போதே தெரிந்துகொண்டால், அந்தப் பிள்ளையின் படிப்பு, வேலை, குடும்பம் எல்லாவற்றையும் காப்பாற்றலாம்.