என் வலது, வண்டிக்கு இடது!

ராஜபாளையத்தில் பைக்குக்கு எல்.ஈ.டி. இண்டிகேட்டர் வாங்கி, வீட்டிலேயே மாட்டினேன். எரிந்தது, சிமிட்டவே இல்லை! பக்கத்துக்கு இரண்டு பத்து வாட் பல்பு என்று பழகிய பழைய ஃபிளாஷர், எல்.ஈ.டி. இழுக்கும் துளி கரண்டுக்கு மசியுமா? எல்.ஈ.டி. ஃபிளாஷர் போட்டதும் அடங்கியது. (சட்டப்படி நிமிஷத்துக்கு 60 முதல் 120 சிமிட்டல்.)

பால்கோவா வாங்க ஸ்ரீவில்லிபுத்தூர் கிளம்பினோம். கடைப் பக்கம் வலதில் திரும்பினால், எதிரே பஸ் வேகம் குறையாமல் வருகிறது! பிரேக் புண்ணியத்தில் தப்பித்தோம். ‘‘முன்னாடி லைட்டு லெஃப்ட்டுல அடிக்குதேய்யா!’’ என்று கத்தினார் டிரைவர்.

வண்டிக்கு எதிரே உட்கார்ந்து ஒயர் மாட்டியிருக்கிறேன். என் வலது, வண்டிக்கு இடது!

‘‘ராஜபாளையம் நாய்கூட இதைவிடத் தெளிவா ரோடு கிராஸ் பண்ணும்!’’ என்றாள் மனைவி.

நீங்களும் மாட்டப் போகிறீர்களா? முதலில் சீட்டில் உட்கார்ந்து இடம், வலம் முடிவு பண்ணுங்கள். நாலு விளக்கையும் இறங்கிப் பாருங்கள். அப்புறம் டேப் சுற்றலாம்.