பண்டிகை விருந்தும் புசல்லாவைத் தேநீரும்

தீபாவளியாயினும் நோன்புப் பெருநாளாயினும் நத்தாராயினும், விருந்துக்கு என்ன சமைப்பது என்பதைப் பற்றிப் பல நாட்களுக்கு முன்பிருந்தே யோசிக்கும் நாம், விருந்தினருக்கு என்ன பானம் வழங்குவது என்பதைப் பற்றிப் பெரிதாகச் சிந்திப்பதில்லை. கடையில் கிடைக்கும் குளிர்பானப் போத்தல்களோடு அந்த விடயம் முடிந்துவிடுகிறது. வேறு சில வீடுகளில் மதுப் போத்தல் வந்து சேருகிறது. மேலைநாட்டவரோ எந்த இறைச்சிக்கு எந்த வைன் பொருந்தும், எந்த இனிப்புக்கு எது பொருந்தாது என்று ஆராய்ந்தே விருந்தை ஒழுங்கு செய்கின்றனர். மதுவை இஸ்லாம் முற்றாக விலக்கியிருக்கிறது. திருவள்ளுவரும் கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரமே வகுத்துள்ளார். ஆயினும், உணவுக்கு ஏற்ற பானத்தை அறிந்து தேர்ந்தெடுக்கும் அவர்களது அக்கறை நாமும் கைக்கொள்ளத்தக்கதேயாகும். அதற்குரிய பானம் நமது மலைகளிலேயே விளைகின்றது.

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் வீதியில் அமைந்துள்ள புசல்லாவைக்கும் வைனுக்கும் பெயரளவில் ஓர் உறவு உண்டு. இங்குள்ள ரொத்சைல்ட் தோட்டத்தை உருவாக்கிய வோர்ம்ஸ் சகோதரர்கள், ஐரோப்பாவின் புகழ்பெற்ற வங்கியாளர்களான ரொத்சைல்ட் குடும்பத்தின் மகள்வழிப் பேரர்களாவர். கோப்பி பயிரிட்டு வந்த அவர்கள் 1841 ஆம் ஆண்டில், சீனாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தேயிலைச் செடிகளை இத்தோட்டத்தில் நட்டனர். ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலையை வர்த்தகப் பயிராகத் தொடங்குவதற்கு 26 ஆண்டுகளுக்கு முந்திய நிகழ்ச்சி இது. அதே ரொத்சைல்ட் குடும்பத்தினர் 1853 இலும் 1868 இலும் பிரான்ஸின் போர்தோ பகுதியில் இரு திராட்சைத் தோட்டங்களை வாங்கினர். அவற்றின் வைன்கள் இன்று உலகிலேயே விலை உயர்ந்தவற்றுள் அடங்குகின்றன. அங்கே அந்தப் பெயர் போத்தலின் மீது பொறிக்கப்பட்டுப் பெருமையோடு மேசைக்கு வருகிறது. இங்கே அதே பெயர் கொண்ட மலையில் கொழுந்து பறிப்பவரின் வீட்டில், “வெறும் தேநீர்தானே” என்று கூச்சத்துடன் கோப்பை நீட்டப்படுகிறது. இந்தக் கூச்சம் தேவையற்றது என்பதே நாம் சொல்ல விரும்புவது.

திராட்சைக்கு மண்ணும் வெயிலும் எவ்வாறு சுவையைத் தருகின்றனவோ, அவ்வாறே தேயிலைக்கு உயரமும் காற்றும் சுவையைத் தருகின்றன. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,000 அடிவரை விளைவது தாழ்நிலத் தேயிலை என்றும், 2,000 முதல் 4,000 அடிவரை விளைவது இடைநிலத் தேயிலை என்றும், அதற்கு மேல் விளைவது உயர்நிலத் தேயிலை என்றும் வகுக்கப்பட்டுள்ளன. நுவரெலியாத் தேயிலை வெளிறிய பொன்னிறமும் மென்மையான மணமும் உடையது. திம்புள்ளைத் தேயிலை முதல் மூன்று மாத வறட்சிக் காலத்திலும், ஊவாத் தேயிலை கச்சான் காற்று வீசும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையிலும் சிறந்த மணம் பெறுகின்றன. தெற்கின் ருகுணுத் தேயிலை கடும் நிறமும் அழுத்தமான சுவையும் கொண்டது. புசல்லாவையை உள்ளடக்கிய கண்டிப் பிரதேசத்துத் தேயிலை செம்பு நிறமும் திடமும் வாய்ந்தது, பாலைத் தாங்கக்கூடியது. வர்த்தகத்தில் குறிப்பிடப்படும் ‘உடபுசல்லாவை’ என்பது நுவரெலியாவுக்குக் கிழக்கே உள்ள வேறொரு பிரதேசம் என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பொதியில் காணப்படும் ஓ.பி., பி.ஓ.பி., டஸ்ட் முதலிய குறியீடுகளைத் தரவரிசை என்று பலர் எண்ணுகின்றனர். அவை முதன்மையாக இலையின் அளவையும் தோற்றத்தையுமே குறிக்கின்றன. நீளமான இலையில் சாயம் மெதுவாக இறங்கும். மணம் மென்மையாக இருக்கும். டஸ்ட் எனப்படும் நுண்ணிய தூளில் சாயம் விரைவாகவும் கடுமையாகவும் இறங்கும். நல்ல தொழிற்சாலையின் புதிய டஸ்ட், பழையதாகிப் போன பெரிய இலையைவிடச் சிறந்ததாக இருக்கக்கூடும்.

இனி, எதற்கு எது பொருந்தும் என்பதைப் பார்ப்போம். தேநீரின் துவர்ப்பு வாயிலுள்ள எண்ணெய்ப் பசையைப் போக்குகிறது. ஆகவே முறுக்கு, வடை போன்ற எண்ணெய்ப் பலகாரங்களுக்குக் கண்டிப் பிரதேசத்துத் தேயிலையில் தயாரித்த திடமான தேநீர் ஏற்றது. வட்டிலப்பம், அதிரசம் போன்றவற்றில் கருப்பட்டியும் வெல்லமும் நிறைந்திருப்பதால், அவற்றுடன் அருந்தும் தேநீரில் சீனி சேர்ப்பது இரண்டின் சுவையையும் கெடுக்கும். வட்டிலப்பத்தின் தேங்காய்ப் பாலுக்கும் ஏலக்காய் மணத்துக்கும் ஈடுகொடுக்க ருகுணு அல்லது ஊவாத் தேயிலையைச் சீனியின்றி வழங்கலாம். நத்தார் கேக்குக்குத் திம்புள்ளைத் தேயிலையில் சிறிது பால் சேர்த்த தேநீர் பொருந்தும். புரியாணியும் காரமான கறிகளும் உண்ட பின்னர், கடும் சாயமும் அதிக சூடும் நாவின் எரிவைக் கூட்டும். அவ்வேளையில் நுவரெலியாத் தேயிலையில் இலேசாகச் சாயம் இறக்கி, ஒரு துளி எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கொடுப்பதே சிறந்தது.

ஆனால் ஒரு விடயத்தில் தேநீர் வைனிலிருந்து மாறுபடுகிறது. வைனை உணவுடனேயே அருந்துவர். தேநீரை அவ்வாறு அருந்தலாகாது. கீரை, பருப்பு போன்ற தாவர உணவுகளிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தேநீரின் துவர்ப்புப் பொருட்கள் குறைத்துவிடுகின்றன. குருதிச்சோகை உள்ளவர்களும் கர்ப்பிணித் தாய்மாரும் இதில் மிகுந்த கவனம் கொள்ளல் வேண்டும். விருந்து முடிந்து ஒரு மணித்தியாலமாவது கழிந்தபின் தேநீர் வழங்குவதே நன்று. துருக்கியிலும் ஈராக்கிலும் உணவுக்குப் பின்னர் சிறிய கண்ணாடிக் குவளைகளில் பால் கலக்காத தேநீரை அருந்தியவாறு நெடுநேரம் உரையாடுவது வழக்கம். அவ்விரு நாடுகளும் இலங்கைத் தேயிலையின் முக்கிய கொள்வனவாளர்களாக இருந்து வந்திருப்பது குறிப்பிடத்தக்கது.

வாங்கும்போதும் அவதானம் தேவை. கழிவுத் தேயிலையுடன் நிறப்பொருள் கலந்து விற்கும் மோசடி நம் நாட்டில் இல்லாத ஒன்றல்ல. சிறிதளவு தூளைக் குளிர்ந்த நீரில் இட்டவுடனேயே கடும் நிறம் பரவுமாயின் ஐயுறுவதற்கு இடமுண்டு. தேயிலை பிற மணங்களை எளிதில் ஈர்க்கும் இயல்புடையதாதலால் மிளகாய்த் தூளுக்கும் கருவாட்டுக்கும் அருகில் வைக்காது, காற்றுப் புகாத தகரப் பேணியில் வைத்தல் வேண்டும். ஒரு கோப்பைக்கு ஒரு தேக்கரண்டித் தூள் போதுமானது. பலமுறை கொதித்த நீரை விடுத்து, புதிதாகக் கொதித்த நீரை ஊற்றி மூன்று முதல் ஐந்து நிமிடங்கள் மூடி வைத்தபின் வடிக்க வேண்டும். தூளை நீரோடு சேர்த்து அடுப்பில் கொதிக்கவிடுவதால் கைப்பு மிகுந்து மணம் அழிந்துவிடுகிறது.

இவையெல்லாம் சிறு விடயங்களாகத் தோன்றலாம். ஆனால் பண்டிகை முற்பணம் கைக்கு வந்த சில நாட்களிலேயே அதில் ஒரு பகுதி மதுக்கடைக்குச் சென்றுவிடுவதையும், பிள்ளைகளின் புத்தாடைக்குக் கடன் வாங்க நேர்வதையும் மலையகத்தில் அறியாதவர் இல்லை. விருந்தினரைக் கௌரவிக்க வேறு வழி தெரியாமையும் இதற்கு ஒரு காரணமாகும். ஒரு மதுப் போத்தலின் விலையைவிட மிகக் குறைந்த பணத்துக்கு நல்ல தேயிலைப் பொதியொன்றை வாங்கலாம். அதனைக் கொண்டு முழுத் தெருவையும் உபசரிக்க முடியும். தீபாவளிக்கு முஸ்லிம் அயலவர் வந்தாலும் பெருநாளுக்குத் தமிழ் அயலவர் சென்றாலும் எவரும் தயங்காது கையில் எடுக்கக்கூடிய பானமும் இதுவேயாகும்.

சிறந்த கொழுந்தைப் பறித்துக் கொடுப்பவர்கள் அதன் சுவையை அறியாமலிருப்பது எந்த வகையிலும் நியாயமன்று. ஆண்டில் ஒரு நாளேனும், எந்த மலையின் தேயிலை என்று கேட்டு வாங்கி, முறைப்படி தயாரித்து, “இது எங்கள் ஊரில் விளைந்தது” என்று கூறி விருந்தினருக்கு வழங்குவோமாக. அந்தக் கோப்பையை நீட்டுவதற்கு எவரும் கூச்சப்பட வேண்டியதில்லை.