பதினான்கு வயதில் ஒரு தெரிவு: அமெரிக்க உயர்நிலைப் பாடசாலையும் கணிதமும்

நமது நாட்டு மாணவன் ஒருவனுடைய கல்விப் பாதை எங்கே பிரிகின்றது என்று கேட்டால், எவரும் தயங்காது விடை கூறுவர். கல்விப் பொதுத் தராதரப் பத்திரச் சாதாரண தரப் பரீட்சையிலே கணிதம் எல்லோருக்கும் உரிய பாடம். அப்பரீட்சையைக் கடந்த பின்னரே கணிதப் பிரிவா, உயிரியற் பிரிவா, வர்த்தகமா, கலையா என்ற வினா எழுகின்றது. பாதை பிரியும் இடம் ஊரறிந்த இடம். அங்கே ஒரு வாயில் உண்டு. வாயிலிலே காவலும் உண்டு. தந்தை அறிவார், தாய் அறிவார், ஆசிரியர் அறிவார்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே நிலைமை வேறு. அங்கே நாடு முழுவதற்கும் பொதுவான பாடத்திட்டமும் இல்லை. பொதுவான இறுதிப் பரீட்சையும் இல்லை. மாணவன் தானே பாடங்களைத் தெரிந்து, வேண்டிய எண்ணிக்கையை நிறைவு செய்து, தராதரப் பத்திரம் பெற்று வெளியேறுகின்றான். சுதந்திரம் நிறைந்த ஏற்பாடு என்றே தோன்றும். ஆயினும் அந்நாட்டிலே கணிதக் கல்வியின் பாதை நம் நாட்டிலும் பார்க்க முன்னதாகவே பிரிந்துவிடுகின்றது. பிரிந்தது என்பதைப் பலர் அறியாமலே பிரிந்துவிடுகின்றது. அந்தத் தெரிவைப் பற்றியே இங்கு சிறிது ஆராய்வோம்.

அலகுகளின் கணக்கு

அமெரிக்க உயர்நிலைப் பாடசாலை பெரும்பாலும் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நான்கு ஆண்டுகள் கொண்டது. ஒரு பாடத்தை ஓராண்டு முழுவதும் கற்றுத் தேறினால் ஓர் அலகு கிடைக்கும். இந்த அலகு முறை 1906ஆம் ஆண்டளவிலே கானெகி அறநிலையத்தின் முயற்சியால் நிலைபெற்றது. ஆண்டொன்றில் ஒரு பாடத்துக்கு 120 மணித்தியாலம் என்பது அதன் அளவு. கல்லூரி ஆசிரியர்களுக்கு ஓய்வூதியம் வழங்க முன்வந்த அந்நிலையம், எது கல்லூரி, எது கல்லூரியன்று என வரையறுக்க வேண்டியிருந்தது. அத்தேவையிலிருந்தே இந்த அளவுகோல் வலுப்பெற்றது. ஓய்வூதியக் கணக்கிலே வலுப்பெற்ற ஒன்று, ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பள்ளிப் பிள்ளைகளின் அறிவை மணிக்கணக்கால் அளந்து வருகின்றது.

கணிதத்திலே பாடங்களுக்கு ஒரு வரிசை உண்டு. முதலாம் அட்சரகணிதம், கேத்திரகணிதம், இரண்டாம் அட்சரகணிதம், பின்பு திரிகோணகணிதமும் சார்புகளும் அடங்கிய நுண்கணித முன்பாடம், இறுதியில் நுண்கணிதம் என்பது பொதுவான ஒழுங்கு. சில இடங்களில் முதல் மூன்றையும் பிரிக்காது கலந்து கற்பிப்பதும் உண்டு. எவ்வாறாயினும் இஃது ஓர் ஏணி. ஒரு படியை விட்டு அடுத்த படியிலே கால்வைத்தல் அரிது.

இந்த ஏணியில் எத்தனை படி ஏறினால் போதும்? இங்கேதான் சிக்கல் தொடங்குகின்றது. ஏனெனில் அளவுகோல் ஒன்றன்று, இரண்டு.

கலிபோர்ணியாவை எடுத்துக்கொள்வோம். அம்மாநிலச் சட்டப்படி, தராதரப் பத்திரம் பெறுதற்குக் கணிதத்தில் இரண்டு ஆண்டுப் பாடம் போதும். அவற்றுள் முதலாம் அட்சரகணிதம் அடங்கவேண்டும் என்ற விதி 2003-04 கல்வியாண்டு முதல் நடைமுறைக்கு வந்தது. பிரதேசக் கல்விச் சபைகள் இதற்கு மேலும் விதிக்கலாம். ஆனால் அதே மாநிலத்தின் அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் மூன்று ஆண்டுக் கணிதத்தைக் கேட்கின்றன. நான்கு ஆண்டு கற்றிருத்தல் நன்று என்றும் அறிவுறுத்துகின்றன. அன்றியும், சித்தியின் தரத்திலும் வேறுபாடு உண்டு. ‘டி’ என்னும் கடைநிலைச் சித்தியையும் பள்ளிப் பத்திரத்துக்கு ஏற்கும் சபைகள் பல. பல்கலைக்கழகமோ ‘சி’ தரத்துக்குக் குறைந்ததைக் கணக்கில் எடாது.

எனவே ஒரு மாணவி இரண்டு ஆண்டு கணிதம் கற்று, கடைநிலைச் சித்தியெய்தி, மேடையிலே பட்டு அங்கியணிந்து பத்திரம் பெறலாம். பெற்றோர் மகிழ்ந்து கைதட்டலாம். மறுநாட் காலையில் அவள் தன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் தகுதியற்றவளாய் இருக்கலாம். அவள் எந்த விதியையும் மீறவில்லை. எந்தப் பாடத்திலும் தவறவில்லை. அவளிடம் கேட்கப்பட்டவை அனைத்தையும் அவள் நிறைவேற்றினாள். ஆனால், நிறைவேற்றுதல் வேறு, போதியதாதல் வேறு என்பதை அவளுக்கு எவரும் எடுத்துரைக்கவில்லை.

ஐந்து படிகள், நான்கு ஆண்டுகள்

இன்னொரு கணக்கும் உண்டு. ஏணியின் படிகள் ஐந்து. உயர்நிலைப் பள்ளியின் ஆண்டுகள் நான்கு. ஆகவே பன்னிரண்டாம் வகுப்பிலே நுண்கணிதம் கற்க விரும்பும் மாணவன், முதற்படியை எட்டாம் வகுப்பிலேயே ஏறியிருத்தல் வேண்டும். அன்றேல் விடுமுறைக் காலத்தில் ஒரு பாடத்தை முடிக்கவேண்டும். அல்லது ஒரே ஆண்டில் கேத்திரகணிதத்தையும் இரண்டாம் அட்சரகணிதத்தையும் ஒருங்கே சுமக்கவேண்டும். பொறியியல், பௌதிகம் ஆகிய துறைகளை நாடுவோர்க்கு நுண்கணிதம் எத்துணை உதவியென்பதை ஆசிரியர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பதின்மூன்று வயது. அந்த வயதிலே தன் எதிர்காலத்தை எண்ணிப் பாடம் தெரியும் பிள்ளை எங்கே உண்டு? தெரிவது பிள்ளையன்று; பிள்ளையைச் சூழ்ந்தவர்களின் அறிவே தெரிகின்றது. கல்லூரி கண்ட பெற்றோர், ஏணியின் உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் கணக்கிடுவர். கல்லூரி காணாத பெற்றோரோ கீழ்ப்படியிலே நின்று, பள்ளி சொல்வதை நம்புவர். இருவர் பிள்ளைகளுக்கும் கொடுக்கப்படும் படிவம் ஒன்றே. அதனை வாசிக்கும் கண்கள் வேறு.

குறைந்த அளவோடு நிறுத்திக்கொண்டோர்க்கு இரண்டாண்டுச் சமூகக் கல்லூரிகள் கதவு திறந்திருந்தன. இது அந்நாட்டின் பெருஞ்சிறப்பு. ஆனால் அங்கே நுழைந்தோரிற் பலர் பள்ளிக் கணிதத்தையே மீண்டும் கற்க வைக்கப்பட்டனர். அதற்குக் கட்டணமும் காலமும் சென்றன. பட்டத்துக்கோ அப்பாடங்கள் எண்ணப்படவில்லை. பலர் அந்த இடத்திலேயே களைத்து நின்றனர். இந்த வழக்கத்தைக் கட்டுப்படுத்தக் கலிபோர்ணியா 2017இல் ஒரு சட்டமே இயற்றவேண்டியதாயிற்று.

ஊசலாடிய நூற்றாண்டு

எல்லோர்க்கும் ஒரே கணிதமா, அவரவர்க்கு ஏற்ற கணிதமா என்ற வழக்கு அந்நாட்டில் மிகப் பழையது. 1892இல் நியமிக்கப்பட்ட பதின்மர் குழு, ஹார்வாட் பல்கலைக்கழகத் தலைவர் சாள்ஸ் எலியற் தலைமையில் கூடி ஆராய்ந்தது. ஒரு பாடம் கற்பிக்கப்படுமாயின், மாணவன் பின்னர் கல்லூரிக்குச் செல்வானோ தொழிலுக்குச் செல்வானோ என்று பாராது, எல்லோர்க்கும் ஒரே விதமாகக் கற்பிக்கப்படவேண்டும் என்பது அதன் துணிபு.

அத்துணிபு நெடுநாள் நிலைக்கவில்லை. உயர்நிலைப் பள்ளிகள் பெருகின. எல்லாக் குடும்பத்துப் பிள்ளைகளும் வரத் தொடங்கினர். வாழ்க்கைக்கு உடனே பயன்படாத அட்சரகணிதம் அனைவர்க்கும் எதற்கு என்ற குரல் ஓங்கிற்று. 1910ஆம் ஆண்டளவில் உயர்நிலை மாணவரிற் பாதிக்கு மேற்பட்டோர் அட்சரகணிதம் கற்றனர். 1950களின் நடுவிலே அத்தொகை கால்வாசியளவாகச் சுருங்கிற்று. 1957 ஒக்டோபரில் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை வானில் ஏற்றியதும் அமெரிக்கா திடுக்கிட்டு விழித்தது. அடுத்த ஆண்டிலேயே தேசப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் பிறந்தது. கணிதத்துக்குப் பணம் பாய்ந்தது. 1983இல் வெளிவந்த ‘ஆபத்தில் ஒரு தேசம்’ என்னும் அரசாங்க அறிக்கை, ஒவ்வொரு மாணவனும் மூன்று ஆண்டு கணிதம் கற்கவேண்டும் என்று வற்புறுத்திற்று. அதன்பின் மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அளவை உயர்த்தின.

ரெக்சாஸ் மாநிலம் அதன் உச்சிக்கே சென்றது. 2007இல் ஒன்பதாம் வகுப்பிற் சேர்ந்தோர் முதல் நான்கு ஆண்டுக் கணிதமும், அதனுள் இரண்டாம் அட்சரகணிதமும் பொது விதியாயின. ஆறே ஆண்டில் ஊசல் திரும்பிற்று. எல்லோரையும் ஒரே அச்சில் வார்க்கின்றோம், தொழிற்கல்வி நலிகின்றது என்ற முறைப்பாடு எழ, 2013ஆம் ஆண்டுச் சட்டம் அடிப்படைத் திட்டத்துக்கு மூன்று அலகே போதுமென்றது. இரண்டாம் அட்சரகணிதமும் பொது விதியினின்று நீங்கிற்று. ஆனால் வகுப்பில் முன்னணியில் நிற்போர்க்கு மாநிலப் பல்கலைக்கழக அனுமதியை உறுதிசெய்யும் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனைப் பெறவேண்டுமாயின், இரண்டாம் அட்சரகணிதத்தை உள்ளடக்கிய சிறப்பு நிலையை எய்தவேண்டும். விதியினின்று நீங்கிய பாடம் வாயிலினின்று நீங்கவில்லை. அதை அறிந்தவன் படித்தான், அறியாதவன் விட்டான்.

இரு ஆசிரியர்கள்

இவ்விடத்தில் இருவரை நினைத்தல் தகும். ஒருவர் றொபேட் மோசஸ். 1960களிலே மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிவு செய்யும் பணியில், அடியும் சிறையும் கண்டவர். பின்னாளில் அவர் மகள் எட்டாம் வகுப்பை அடைந்தபோது, அப்பள்ளியிலே அட்சரகணித வகுப்பே இல்லை என்பதைக் கண்டார். தாமே சென்று, மகளுக்கும் வேறு சில மாணவருக்கும் கற்பித்தார். அங்கிருந்து 1982இல் அட்சரகணித இயக்கம் ஒன்றைத் தொடங்கினார். அன்று வாக்குரிமை எதுவோ, இன்று அட்சரகணிதம் அது. அதை இழந்தவன் பொருளாதார வாழ்விலே வாக்கற்றவன் என்பது அவர் கொள்கை. 2021இல் மறையும் வரை அக்கொள்கையினின்று அவர் வழுவவில்லை.

மற்றவர் ஹைமே எஸ்கலாந்தே. பொலிவியாவிலிருந்து குடியேறியவர். கிழக்கு லொஸ் ஏஞ்சலீசிலே, ஏழைத் தொழிலாளர் பிள்ளைகள் பயின்ற கார்பீல்ட் உயர்நிலைப் பள்ளியில் 1974 முதல் கற்பித்தார். 1982இல் அவருடைய மாணவர் பதினெண்மர் கல்லூரித் தர நுண்கணிதப் பரீட்சையிலே சித்தியெய்தினர். பரீட்சையை நடத்திய நிறுவனம் பதினால்வர் மீது ஐயங்கொண்டது. அவருட் பன்னிருவர் மீண்டும் பரீட்சைக்கு அமர்ந்தனர், பன்னிருவரும் தேறினர். 1988இல் இவ்வரலாறு திரைப்படமாயிற்று. படத்தைப் பார்த்தோர் ஓர் ஆண்டின் அற்புதம் என்று எண்ணக்கூடும். உண்மையில் அதற்குப் பின்னால் எட்டு ஆண்டு உழைப்பு இருந்தது. கீழ்வகுப்புகளிலே அட்சரகணிதத்தைச் செப்பனிட்டு, விடுமுறை வகுப்புகள் நடத்தி, படிப்படியாக ஏணியைக் கட்டிய பின்னரே உச்சியில் மாணவர் தோன்றினர்.

சமத்துவத்துக்கு எது வழி?

நல்லெண்ணமே தவறிய இடமும் உண்டு. சான் பிரான்சிஸ்கோ நகரக் கல்விச் சபை 2014இல் எட்டாம் வகுப்பு அட்சரகணிதத்தை நிறுத்தி, எல்லோரும் ஒன்பதாம் வகுப்பிலேயே அதனைத் தொடங்குக என்றது. இளம்பிள்ளைகளை மேல், கீழ் எனப் பிரித்தால் கறுப்பின, லத்தீன் இனப் பிள்ளைகளே கீழே தள்ளப்படுகின்றனர் என்ற நியாயமான கவலையே இதற்குக் காரணம். ஆனால் வசதி படைத்தோர் பள்ளிக்கு வெளியே பணம் கொடுத்துக் கற்பித்தனர். வசதியற்றோர்க்கு அவ்வழி இல்லை. பத்தாண்டு வாதத்தின் பின், 2024 பெப்ரவரியில் அப்பாடத்தை எட்டாம் வகுப்புக்கு மீளக் கொணரச் சபை தீர்மானித்தது. அடுத்த மாதம் நகர வாக்காளரும் அதனை ஆதரித்தனர்.

இவ்வாறே, இரண்டாம் அட்சரகணிதத்துக்குப் பதிலாகத் தரவு விஞ்ஞானம் கற்கலாமெனக் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகம் 2020இல் இசைந்தது. இக்காலத்துக்கு ஏற்ற பாடம், அச்சமின்றிப் பலர் கற்பர் என்றனர் ஒரு சாரார். அட்சரகணிதத்தை விட்டு அதனைக் கற்றவன், பின்னர் அதே தரவு விஞ்ஞானத்தைப் பல்கலைக்கழகத்திலே ஆழ்ந்து பயிலவும் இயலாதவனாவான் என்றனர் மறு சாரார். 2023 யூலையில் அந்த இசைவு மீளப் பெறப்பட்டது.

இந்த வழக்குகளிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? எல்லோரும் நுண்கணிதம் கற்றே தீரவேண்டும் என்பதன்று. தச்சுத் தொழிலை நாடுவோனும் தாதியாக விரும்புவோளும் வேறு கணிதத்தால் மிகுந்த பயன் பெறுவர். புள்ளிவிபரவியல் நற்குடிமகன் எவனுக்கும் உதவும். ஒரு கதவை மூடுதல் பிழையன்று. மூடுகின்றோம் என்பதை அறியாமல் மூடுதலே பிழை. அறியாதவனுக்கு அளிக்கப்படும் தெரிவு தெரிவாகாது. அது பிறர் முன்னரே எழுதிவைத்த தீர்ப்புக்கு அவனது கையொப்பம் மாத்திரமே.

ஆகவே பாடத் தெரிவுப் படிவத்தைக் கையில் ஏந்திய மாணவனிடம், இன்னும் எத்தனை அலகு வேண்டும் என்று கேட்பதோடு ஆசிரியரின் கடமை முடிந்துவிடாது. இதனை விட்டால் எந்தெந்த வழி அடைபடும், பின்னர் மனம் மாறினால் மீண்டு வர எத்தனை ஆண்டு செல்லும் என்பதையும் பிள்ளைக்கும் பெற்றோர்க்கும் விளங்கும் மொழியிலே கூறுதல் வேண்டும். கல்லூரி வாசனையறியாத வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு அந்த வார்த்தையைச் சொல்ல ஆசிரியரைத் தவிர வேறு எவர் உளர்? நமது பாடசாலைகளிலும் பத்தாம் வகுப்பு வாயிலிலே பிள்ளைகள் விருப்பப் பாடங்களைத் தெரிகின்றனர். சாதாரண தரத்தின் பின் பிரிவைத் தெரிகின்றனர். அந்நாட்களில் ஒரு மாணவனோடு கால் மணி நேரம் அமர்ந்து பேசும் ஆசிரியர், ஓராண்டுப் பாடத்துக்கு ஒப்பான பணியைச் செய்தவராவார்.