ஞாயிறுதோறும் ஒரு ஜெபம்

ஆங்கிலிக்கன் திருச்சபையின் பொது ஜெபப் புத்தகத்தில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் உரிய சிறு ஜெபம் ஒன்று உண்டு. தமிழ்க் கிறிஸ்தவர் அதனைச் சுருக்க ஜெபம் என்பர். பெரும்பாலும் அது ஒரே வாக்கியந்தான்.

அதன் அமைப்பை நான் வியப்பதுண்டு. முதலில் கடவுளை விளித்தல், அடுத்து அவர் தன்மை ஒன்றைக் கூறல், பின்னர் வேண்டுகோள், அதனால் விளையும் பயன், இறுதியில் கிறிஸ்துவின் பெயரால் முடித்தல். வேண்டுவது ஒன்றே, அதையும் எதற்காக என்று சொல்லியே வேண்டுதல் வேண்டும்.

திருச்சபையின் ஆண்டு சனவரியில் பிறப்பதன்று. கிறிஸ்துமசுக்கு முந்திய நான்காம் ஞாயிறே அதன் தொடக்கம். அன்றைய ஜெபத்தைக் கிறிஸ்துமசுக்கு முன்னாள்வரை நாடோறும் சொல்வது 1662-ஆம் ஆண்டுப் புத்தகத்தின் விதி. ஆண்டின் இறுதி ஞாயிற்று ஜெபமோ, அடியார் உள்ளங்களைக் கிளர்ந்தெழச் செய்யுமாறு வேண்டுவது. கிளர்த்தலுக்கும் கிளறுதலுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். ஆதலால் இங்கிலாந்து இல்லத்தரசியர்க்கு அந்நாள் கிறிஸ்துமஸ் புட்டிங் கிளறும் நாளுமாயிற்று! கோயிற் சொல் அடுக்களை வரை சென்றுவிட்டது.

இவ்வுரிமை எளிதில் வந்ததன்று. இலத்தீனில் இருந்த ஜெபங்களை மக்கள் மொழியில் ஆக்கியும், சிலவற்றைப் புதிதாய் இயற்றியும் 1549-இல் முதற் புத்தகத்தை உருவாக்கியவர் கான்டர்பரி பேராயர் தாமஸ் கிரான்மர். மேரி அரசியின் ஆட்சியில் புத்தகம் விலக்கப்பட்டது. 1556-இல் கிரான்மர் ஆக்ஸ்போர்டில் எரிக்கப்பட்டார். 1645-இல் பாராளுமன்றமும் அதனைத் தடை செய்தது. 1662-இல் அது திருத்தம் பெற்று மீண்டது.

ஓர் அரசு ஒரு வாக்கியத்துக்கு அஞ்சுவானேன்? தனக்கெனச் சொல்லில்லாத எளியவனும், தன் மொழியில், ஊரோடு ஒரு குரலாய் வேண்டுவதற்கு அந்த ஒரு வாக்கியமே போதுமன்றோ!