மின் தடைப்படும் வேளைக்கு மாற்று வலு

2022 ஆம் ஆண்டில் எரிபொருட் பற்றாக்குறையினால் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. அவ்வேளை மின்பிறப்பாக்கி வைத்திருந்தோரும் டீசலுக்காக வரிசையில் நின்றனர். 2025 பெப்ரவரி 9 ஆந் திகதி நேர்ந்த நாடளாவிய தடையோ சில மணித்தியாலங்களில் நீங்கியது. இவையிரண்டும் ஒரே நோயல்ல. ஒரே மருந்தும் போதாது.

ஆகையால் கமக்காரர் கடைக்குச் செல்லுமுன், தம் தொழிலில் எவ்வேலை காத்திருக்கும், எது காத்திராது என ஆராய்தல் வேண்டும். வேரூன்றிய வெங்காயப் பயிர் ஒருநாள் தாமதத்தைப் பொறுக்கும். நட்டு இரண்டு நாளான மிளகாய்க் கன்று பொறாது. குற்றவுள்ள நெல் மூடையிற் கிடக்கலாம். புழுங்கலுக்கு ஊறிய நெல்லோ அளவுக்கு மிஞ்சிக் கிடந்தாற் புளித்து நாறும்.

கிணற்று மோட்டாரை மின்கலத்தால் இயக்கலாமே என்று பலர் கேட்கின்றனர். கணக்கைப் பாருங்கள். 2 குதிரைவலு மோட்டார் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 2 அலகு மின்சாரம் எடுக்கும். 3 மணித்தியால இறைப்புக்கு 6 அலகு. 12 வோல்ற்று, 100 அம்பியர்-மணி ஈய மின்கலம் நிறைந்திருக்கையில் 1.2 அலகே கொள்ளும். அதிலும் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் விரைவிற் குன்றும். ஆகவே ஒருமுறை இறைக்கப் பத்து மின்கலங்கள் வேண்டும். இலிதியம் மின்கலம் கூடுதலாகக் கொடுக்கும். அதன் விலையைத் தோட்டம் தாங்குமா என்பது வேறு விடயம். மின்கலம் விளக்குக்கும் தராசுக்கும் நன்று.

தொட்டியில் நீரைச் சேமிப்பதற்கும் எல்லையுண்டு. ஒரு பரப்பு நிலத்துக்கு ஓரங்குல நீர் பாய்ச்ச ஏறத்தாழ 6,400 லீற்றர் செல்லும். 1,000 லீற்றர்த் தொட்டி நாற்றுமேடைக்கும் புதுக் கன்றுக்குமே உதவும். எனினும் அவற்றுக்கு இதைவிட மலிவான காவல் இல்லை என்பது எமது கருத்து.

திறந்த கிணறுள்ள தோட்டத்துக்கு எண்ணெயில் இயங்கும் சிறு நீர்ப்பம்பியே ஏற்றது. மின்பிறப்பாக்கி வாங்கி மோட்டாரை ஓட்டுவது, எண்ணெயை மின்னாக்கி அம்மின்னை மீண்டும் சுழற்சியாக்கும் வீண்செலவாகும். குழாய்க் கிணற்றினுள் மூழ்கிய மோட்டாருக்கு மட்டும் அது தவிர்க்க முடியாதது. நீர்மட்டம் பம்பிக்கு 20 அடிக்குக் கீழே சென்றால் உறிஞ்சுதல் தளரும். அதற்காகப் பம்பியைக் கிணற்றுள் இறக்கி இயக்குவோர் உளர். ஒருபோதும் அவ்வாறு செய்யற்க. புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது கிணற்றுள் தங்கி ஆளை மயக்கிக் கொல்லும். மீட்க இறங்குபவரும் மாள்வர். எண்ணெயே கிடையாத காலத்துக்கு, பகலில் மின்கலமின்றி நேரே இயங்கும் சூரியப் பம்பி துணையாகும்.

ஆலைக்காரருக்கு மின்பிறப்பாக்கியன்றி வேறு வழி அரிது. மோட்டார் நேரே தொடங்கும் கணத்தில், ஓடும்போது எடுப்பதினும் ஐந்து முதல் ஏழு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். 10 குதிரைவலு என்பது ஏறத்தாழ 7.5 கிலோவாற்று, அதே அளவான பிறப்பாக்கி தொடக்கத்திலேயே திணறும். இரண்டு மூன்று மடங்கு வலுவுள்ளதை வாங்குக. ஸ்டார்-டெல்டா தொடக்கி பூட்டின் தொடக்க மின்னோட்டம் மூன்றிலொன்றாகக் குறையும். பெரிய மோட்டாரை முதலில் இயக்கி, சிறியவற்றைப் பின்னர் இயக்குக.

கூரையிற் சூரியத் தகடு உண்டு, அச்சமில்லை என்றிருப்போரும் கவனிக்க. மின்சார சபையின் வழியோடு மட்டும் இணைத்த தகடு, வழியில் மின் நின்றால் வெயில் எரிக்கும்போதும் தானே நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவரை மின் தாக்காதிருக்கவே இவ்வேற்பாடு. அதே காரணத்தால் மின்பிறப்பாக்கியையும் இருவழி மாற்று ஆளியின்றி இணைத்தல் ஆகாது. தகுதி பெற்ற மின்வேலையாளரைக் கொண்டே அதனைப் பூட்டுவிக்க.

வாங்கிய இயந்திரத்தை மாதமொருமுறை அரை மணித்தியாலம் சுமையோடு இயக்குதல் வேண்டும். பெற்றோலைத் தாங்கியில் மாதக்கணக்கில் விட்டால் காபரேற்றர் அடைபட்டு, தேவைப்படும் அன்று இயந்திரம் கிளம்பாது.