“சீட்டு குலுக்கித்தான் மருந்து தருவாங்களாமே, சிஸ்டர்?”

ஓசூர் சிப்காட்டில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் மருத்துவ அறையில் நான் நர்ஸ். விரல் நசுங்கியவர், கண்ணில் இரும்புத் தூள் விழுந்தவர், நைட் ஷிப்டில் தலை சுற்றியவர் என்றுதான் பெரும்பாலும் வருவார்கள். சி.என்.சி. ஆபரேட்டர் ஒருவர் தொடையில் வீக்கம் என்று வந்தார். ட்ராலி இடித்த இடம் என்றார். இடித்துப் பல மாதமாகியும் வீக்கம் வற்றவில்லை, வளர்ந்துகொண்டே போயிருக்கிறது. வலி இல்லாததால் அவர் கண்டுகொள்ளவில்லை. தொட்டுப் பார்த்தேன். கொழுப்புக் கட்டி என்றால் தோலுக்கடியில் நழுவும். இது ஆழத்தில், தசையோடு ஒட்டி, கெட்டியாக இருந்தது. உள்ளங்கையால் மூடினாலும் ஓரம் வெளியே தெரிந்தது. “வீட்ல தினம் எண்ணெய் போட்டு நீவி விடுறாங்க சிஸ்டர்” என்றார். முதலில் அதை நிறுத்தச் சொன்னேன்.

எம்.ஆர்.ஐ., பயாப்ஸி எல்லாம் பெங்களூருவில் முடிந்து, சார்கோமா என்று ரிப்போர்ட் வந்தது. அங்கே ஒரு ட்ரையல் நடக்கிறது, விருப்பமிருந்தால் சேரலாம், வீட்டில் பேசிவிட்டு வாருங்கள் என்று ஒரு கத்தைத் தாளைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு மனைவியோடு என்னிடம் வந்தார்.

“சேர்ந்தா கம்ப்யூட்டர்ல சீட்டு குலுக்கித்தான் யாருக்கு எந்த மருந்துன்னு முடிவு பண்ணுவாங்களாம். எது நல்லதுன்னு டாக்டருக்கே தெரியாதா, சிஸ்டர்?”

மனைவி இன்னும் நேராகக் கேட்டார்: “எங்களை வெச்சுப் பழகுறாங்களா?”

இரண்டும் நியாயமான கேள்விகள். அவர்களுக்குச் சொன்னதையும், சொல்வதற்காகத் தேடிப் படித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

டாக்டருக்கே தெரியாதா?

பல நேரம் தெரியாது. நோய் அவ்வளவு அபூர்வம். எலும்பு, தசை, கொழுப்பு, ரத்தக்குழாய் போன்ற திசுக்களில் உண்டாகும் புற்றுநோய்தான் சார்கோமா. பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் இது சுமார் 1 சதவீதம். பிள்ளைகளிடம் இதன் பங்கு அதிகம். பத்தாவது, பிளஸ் டூ படிக்கும் வயதில் முழங்காலை ஒட்டி வரும் ஆஸ்டியோசார்கோமா இந்த வகையைச் சேர்ந்ததுதான். அந்த 1 சதவீதத்துக்குள்ளேயே 70-க்கும் மேற்பட்ட வகைகள். ஒரே வகை, ஒரே கட்டம் என்று பிரித்துப் பார்த்தால் பெரிய ஆஸ்பத்திரிக்குக்கூட வருடத்துக்குச் சிலர்தான் தேறுவார்கள். அந்தச் சிலரை மட்டும் பார்த்துவிட்டு, இந்த மருந்துதான் நல்லது என்று எந்த டாக்டராலும் அடித்துச் சொல்ல முடியாது. (ட்ராலிமீது பழி போட வேண்டாம். அடிபட்டதால் சார்கோமா வருவதில்லை. அடிபட்ட இடத்தைத் தடவும்போது, ஏற்கெனவே இருந்த கட்டி கைக்குத் தட்டுப்படுகிறது.)

ஆபரேட்டர் சட்டென்று பிடித்துக்கொண்டார். “மெஷின்ல வெட்டுற புது இன்சர்ட் வந்தா ஒரு லாட் பழசுல, ஒரு லாட் புதுசுல ஓட்டி ரீடிங் எடுப்போமே, அதுவா?” அதேதான். எந்தப் பீஸ் எந்த லாட்டுக்கு என்று நாமே பொறுக்கினால், நல்ல பீஸ் எல்லாம் புது இன்சர்ட்டுக்குப் போய்விடும். டாக்டர் தேர்ந்தெடுத்தாலும் அதுதான் நடக்கும். தெம்பாக இருப்பவர்களைத் தெரியாமலே புது மருந்துப் பக்கம் சேர்த்துவிடுவார். மருந்து ஜெயித்ததுபோலத் தோன்றும். அதைத் தவிர்க்கத்தான் குலுக்கல்.

குலுக்கலால் என்ன தெரிந்தது என்பதற்கு ஆஸ்டியோசார்கோமாவையே சொல்லலாம். ஒரு காலத்தில் காலை எடுத்த பிறகும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு நோய் நுரையீரலில் தலைகாட்டியது. ஆபரேஷனுக்குப் பிறகு கீமோ கொடுத்தால் பலன் உண்டா என்று 1980-களில் டாக்டர்களுக்குள்ளேயே வாக்குவாதம். அமெரிக்காவில் 36 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்து, 1986-இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு வருடம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள், கீமோ பெற்றவர்களில் 66 சதவீதம், பெறாதவர்களில் 17 சதவீதம். வாதம் அதோடு முடிந்தது. இன்று முழங்கால் கட்டியோடு போகும் பிள்ளைக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் யோசிக்காமல் கீமோ எழுதுவது அந்த 36 பேரால்தான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஒலராடுமாப் என்ற மருந்தை, வழக்கமான டாக்சோரூபிசினோடு சேர்த்து, 133 சார்கோமா நோயாளிகள் கொண்ட ஆய்வில் கொடுத்துப் பார்த்தார்கள். பழைய மருந்து மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 14.7 மாதத்தைத் தாண்டி உயிரோடு இருந்தார்கள். புதியதும் சேர்த்துப் பெற்றவர்களில் பாதிப் பேர் 26.5 மாதத்தைத் தாண்டினார்கள். நோயாளிகளுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி! 2016 அக்டோபரில் அமெரிக்காவில் விரைவு அனுமதி கிடைத்தது, பெரிய ஆய்வில் நிரூபிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. 509 பேரை வைத்து அந்தப் பெரிய ஆய்வு நடந்தது. 2019-இல் வந்த முடிவில், புதியது சேர்த்தவர்களுக்கு 20.4 மாதம், சேர்க்காதவர்களுக்கு 19.7 மாதம். வித்தியாசமே இல்லை என்றுதான் அர்த்தம். மருந்தைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். சின்ன ஆய்வோடு நிறுத்தியிருந்தால், நிலத்தை விற்றாவது அதை வாங்கிக்கொண்டிருப்பார்கள் நம் ஆட்கள்.

சில நேரம் ஒரே நோயாளியிடம் கதவு திறந்துவிடும். 2000 மார்ச்சில் பின்லாந்தின் ஹெல்சிங்கியில், குடல்வழிச் சார்கோமா ஈரல்வரை பரவிய ஒரு பெண்ணுக்கு, ரத்தப் புற்றுநோய்க்காகச் செய்த இமாடினிப் மாத்திரையைக் கொடுத்தார்கள். கட்டிகள் சுருங்கின. அதே வருடம் 147 பேரோடு ஆய்வு தொடங்கி, 2002-இல் அந்த நோய்க்கும் அனுமதி கிடைத்தது. இந்தக் கதையின் அடுத்த அத்தியாயம் சென்னையில். அந்த மருந்துக்கு நோவார்ட்டிஸ் கம்பெனி கேட்ட காப்புரிமையை 2006-இல் சென்னை காப்புரிமை அலுவலகம் மறுத்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2013 ஏப்ரல் 1-இல் உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. இந்தியக் கம்பெனிகள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த விலையில் அந்த மாத்திரையைத் தர முடிந்தது அதனால்தான்.

எக்ஸ்ரேயா, சி.டி.யா?

ட்ரையல் என்றாலே வெளிநாட்டுப் புது மருந்து என்று நினைக்கிறோம். என் மனதில் நின்றது மருந்தே இல்லாத ஒரு ட்ரையல். நடந்த இடம் மும்பை.

கை, காலில் வந்த சார்கோமாவை ஆபரேஷனில் எடுத்த பிறகு, அது திரும்பினால் பெரும்பாலும் போய் உட்காருவது நுரையீரலில். அதனால் வருடக்கணக்கில் நெஞ்சைப் படமெடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எவ்வளவு நாளுக்கு ஒருமுறை? எக்ஸ்ரே போதுமா, சி.டி. ஸ்கேன் வேண்டுமா? உலகம் முழுக்க அவரவர் வழக்கப்படி செய்துகொண்டிருந்தார்களே தவிர, யாரிடமும் ஆதாரம் இல்லை. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் டாக்டர் அஜய் புரி குழுவினர் 2006 முதல் 2010 வரை 500 நோயாளிகளைச் சேர்த்து இதைக் குலுக்கல் முறையில் பார்த்தார்கள். சிலருக்கு எக்ஸ்ரே, சிலருக்கு சி.டி.; சிலருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சிலருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

2014-இல் வெளியான முடிவில், மூன்று வருடம் உயிரோடு இருந்தவர்கள் எக்ஸ்ரே பக்கம் 67 சதவீதம், சி.டி. பக்கம் 66 சதவீதம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதுமா என்பதில் அப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. விடாமல் தொடர்ந்து பார்த்து, 2018-இல் அதுவும் மோசமில்லை என்றார்கள். இன்னொன்றும் தெரிந்தது. ஆபரேஷன் செய்த இடத்திலேயே திரும்பி வந்த கட்டிகளில் கிட்டத்தட்ட 90 சதவீதத்தை முதலில் கண்டுபிடித்தவர்கள் நோயாளிகளே. இதே கேள்வியைப் பல நாடுகளில் கேட்டுப் பார்க்க, கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்து டாக்டர் மிஷெல் கெர்ட் தலைமையில் ‘சேஃப்டி’ என்ற ஆய்வு பிறகு தொடங்கியது. யாருக்கு எது என்பதை அவரவர் டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் கேட்பதற்கு நம்மிடம் இப்போது ஒரு ஆதாரம் இருக்கிறது.

இது ஏன் எனக்குப் பெரிதாகப் படுகிறது என்றால், எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு ‘ரிவ்யூ’ எப்படி என்று எனக்குத் தெரியும். பெங்களூருவில் ஓசூர் ரோடு என்று எங்கள் ஊர்ப் பெயரைச் சுமக்கும் சாலையிலேயே, 1973-இல் தொடங்கிய கித்வாய் புற்றுநோய் நிறுவனம் இருக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் பக்கம்தான். ஆனால் தேன்கனிக்கோட்டையில் முதல் பஸ்ஸைப் பிடித்து, அத்திப்பள்ளி டோலில் நின்று, சில்க் போர்டில் நின்று, டோக்கன் வரிசையில் நின்று, டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் ஒரு ஷிப்ட் போய்விடும். கூட வருகிறவருக்கும் ஒரு நாள் கூலி போகும். காண்ட்ராக்ட் ஆள் என்றால் அந்த மாத அட்டெண்டன்ஸ் போனஸும் சேர்ந்து போகும். வருடத்துக்கு நான்கு முறை வர வேண்டியவர் இரண்டு முறை வந்தால் போதும் என்று ஒரு ஆய்வு சொன்னால், அதுவும் ஒரு சிகிச்சைதான்.

எங்களை வைத்துப் பழகுகிறார்களா?

ஆபரேட்டரின் மனைவியின் பயத்துக்குக் காரணம் உண்டு. ஏழைகளிடம் சரியாகச் சொல்லாமல் கையெழுத்து வாங்கி மருந்துகளைச் சோதித்ததாக, இந்தூரைச் சேர்ந்த ஸ்வஸ்த்ய அதிகார் மஞ்ச் 2012-இல் உச்ச நீதிமன்றம் போனது. அதன் பிறகு பிடி இறுகியது. 2019-இல் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகள் வந்தன. கையெழுத்துப் போடும் முன் அவற்றில் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

புது மருந்து ஆய்வு எதுவானாலும் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். 2009-இலிருந்து இது கட்டாயம். பதிவு எண்ணைக் கேளுங்கள். இணையத்தில் யாரும் பார்க்கலாம். அடுத்தது நெறிமுறைக் குழு. குறைந்தது ஏழு பேர், அதில் பாதி வெளியாட்கள்; ஒரு பெண், சட்டம் தெரிந்த ஒருவர், சாதாரணப் பொதுமக்களில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். அவர்கள் ஒப்புக்கொள்ளாமல் ஆய்வு தொடங்காது. ஒப்புதல் படிவம் நமக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வீட்டில் பேசும் எங்கள் பக்கத்தில், எதில் வேண்டும் என்று கேட்டு வாங்குவது நோயாளியின் உரிமை. படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி உடன் இருக்க வேண்டும். கையெழுத்திட்ட படிவத்தின் பிரதி கையோடு தரப்பட வேண்டும். எந்த நாளிலும், காரணம் சொல்லாமலும், விலகிக்கொள்ளலாம். அதனால் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது.

ஆய்வால் பாதிப்பு வந்தால் மருத்துவச் செலவு அவர்களுடையது. உயிரே போனால் இழப்பீட்டுக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம்: வயதுக்கான எண்ணை, தொழிற்சாலை விபத்துக்குக் கணக்குப் போடும் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலிருந்தே எடுத்திருக்கிறார்கள். அடிப்படை 8 லட்சம். அதை 40 வயதுக்கான 184.17-ஆல் பெருக்கி 99.37-ஆல் வகுத்தால் 14.8 லட்சம் வருகிறது. சேரும்போது நோய் எவ்வளவு முற்றியிருந்தது என்பதைப் பொறுத்து அது பாதியாகவும் ஆகலாம், பல மடங்காகவும் ஆகலாம். இந்தக் கணக்கை எங்கள் டைம் ஆபீஸ்காரரே போட்டுக் காட்டிவிடுவார்.

சம்பளம் போவதைப் பற்றியும் கேட்க வேண்டும். ஆய்வுக்காக வந்துபோகும் செலவையும், இழந்த கூலியையும் ஈடுகட்டலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் சொல்கிறது. கேட்காவிட்டால் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களுக்கு நோய்க்கால உதவித் தொகை வருடத்துக்கு 91 நாள், சம்பளத்தில் 70 சதவீதம். புற்றுநோய் போன்ற நீண்ட நோய்களுக்கு, தகுதியான சர்வீஸ் இருந்தால், 80 சதவீதம் வீதம் இரண்டு வருடம்வரை நீளும்.

ஆபரேட்டர் இவற்றையெல்லாம் படிவத்தின் பின்பக்கத்தில் கேள்விகளாக எழுதிக்கொண்டு போனார். டாக்டர் முகம் சுளிக்கவில்லை, உட்காரவைத்துப் பதில் சொன்னார். அதன் பிறகு மனைவியும் சம்மதிக்க, அவர் ஆய்வில் சேர்ந்தார்.

ஆய்வு நடத்துகிறவர்களுக்கும் எங்கள் பக்கத்திலிருந்து கேள்விகள் உண்டு. மும்பை ஆய்வு சொன்னதுபோல எக்ஸ்ரே போதும் என்றால், அதை ஓசூர் அரசு மருத்துவமனையிலேயே எடுத்துப் படத்தை அனுப்பக் கூடாதா? கீமோவின் எந்தச் சுற்றுகளைக் கிருஷ்ணகிரியிலேயே பாதுகாப்பாகக் கொடுக்கலாம்? ஆபரேஷன் ஆனவருக்குத் தன் தழும்பைத் தானே தடவிப் பார்க்க யார், எப்போது சொல்லிக்கொடுப்பது? இவையும் குலுக்கல் போட்டு, எண்ணிப் பார்த்து, விடை காணக்கூடிய கேள்விகள்தான். சேர எங்களிடம் ஆட்கள் இருக்கிறார்கள். கேள்வியைத் தயார் செய்யும்போதும் எங்களை ஒரு வார்த்தை கேளுங்கள்.