குருவில்லா வித்தை – 9: கூலிக்கு ஒரு காது

பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்தே வேதியியலுக்குள் நுழைந்த ஃபாரடேயோடு சென்ற வாரம் நிறுத்தினேன். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளவும். இலக்கண விதிகளைக் கட்டிக்கொண்டு அழாமல் கிரேக்கம் கற்ற ஹைன்ரிக் ஷ்லீமான் இந்த வாரம் என்று சொல்லியிருந்தேன். ஆள் மாறவில்லை. மொழிதான் மாறிவிட்டது, வழியில் ரஷ்ய மொழி என்னைப் பிடித்துக்கொண்டது.

1870களில் டிராய் நகரைத் தோண்டிய அதே ஷ்லீமான்தான். 1840களின் தொடக்கத்தில் அவர் ஆம்ஸ்டர்டாமில் ஒரு வணிக நிறுவனத்தின் எடுபிடி. உண்டியல்களில் முத்திரை குத்த வேண்டும், தபால் ஆபீசுக்கு ஓட வேண்டும். வருடச் சம்பளம் 800 பிராங்க். அதில் பாதி படிப்புக்கே போனது. தபால் ஆபீஸ் வரிசையிலும் மழையிலும் கையில் புத்தகம் இருக்கும். உரக்க வாசிப்பது, மொழிபெயர்க்காமல் இருப்பது, தினமும் எதையாவது எழுதித் திருத்தி வாங்குவது, திருத்தியதை நெட்டுருப் போட்டு மறுநாள் ஒப்பிப்பது: இவ்வளவுதான் அவர் முறை. ஆங்கிலத்துக்காக கோல்ட்ஸ்மித்தின் நாவல் ஒன்றையும் ஸ்காட்டின் ‘ஐவன்ஹோ’வையும் முழுசாக மனப்பாடம் செய்தார். ஞாயிறுதோறும் இரண்டு முறை ஆங்கிலேயர்களின் தேவாலயத்துக்குப் போவார். பக்தி ஒன்றுமில்லை. பிரசங்கியார் சொல்லச் சொல்ல ஒவ்வொரு சொல்லையும் வாய்க்குள் சொல்லிப் பார்ப்பார். காசில்லாத உச்சரிப்பு வகுப்பு!

ரஷ்ய மொழிக்கு வரும்போது கதை சூடு பிடிக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் அதைச் சொல்லித்தர ஆள் கிடைக்கவில்லை. தெரிந்த ஒரே மனிதர் ரஷ்யத் துணைத் தூதர், அவரும் மறுத்துவிட்டார். கிடைத்தவை ஒரு பழைய இலக்கணம், ஓர் அகராதி, ‘டெலிமாக்கஸ்’ கதையின் மோசமான ரஷ்ய மொழிபெயர்ப்பு. கதையை மனப்பாடம் செய்தார். ஆனால் சுவரைப் பார்த்து ஒப்பிப்பதில் வேகம் வரவில்லை. என்ன செய்தார் தெரியுமா? ஓர் ஏழை யூதரை வாரம் நான்கு பிராங்க் கூலிக்கு அமர்த்தினார். தினமும் மாலை இரண்டு மணி நேரம் வந்து உட்கார்ந்து ரஷ்ய மொழியைக் கேட்க வேண்டும். அந்த மனிதருக்கோ அதில் ஓர் எழுத்துகூடப் புரியாது!

திருத்த முடியாத ஒருவருக்கு எதற்குச் சம்பளம் என்று கேட்கலாம். நான் இதையே நினைத்துக்கொண்டு வாரம் முழுக்கத் திரிந்தேன். தனியாகப் படிப்பவனுக்கு ஆசிரியர் இல்லாததைவிடப் பெரிய குறை, இன்றைக்கு வேண்டாம் என்று புத்தகத்தை மூடினால் கேட்க ஆள் இல்லாதது. காசு வாங்கிய மனிதர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது மூட முடியுமா?

மரப்பலகைத் தளம் போட்ட டச்சு வீடுகளில் மாடியில் பேசுவது கீழே கேட்கும். குடியிருந்தவர்கள் புகார் செய்து, உரக்க ஒப்பித்த ஷ்லீமானை இரண்டு முறை வீடு மாற வைத்தார்கள். கூலிக்குக் கேட்டவர் புகார் செய்ததாகத் தகவல் இல்லை.

இதற்கெல்லாம் சாட்சி ஷ்லீமானின் சுயசரிதைக் குறிப்புதான், அவரோ கொஞ்சம் புளுகர். 1851 சான் பிரான்சிஸ்கோ தீ விபத்தை நேரில் பார்த்ததாக நாட்குறிப்பில் எழுதினார். தேதி ஒரு மாதம் தள்ளி விழுந்துவிட்டது. ஆகவே ஆறே வாரத்தில் ரஷ்ய மொழியில் கடிதம் எழுதினேன் என்று அவர் சொல்வதில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். அவுரி ஏலத்துக்கு ஆம்ஸ்டர்டாம் வந்த ரஷ்ய வியாபாரிகளோடு அவர்கள் மொழியிலேயே பேசினேன் என்றும் சொல்கிறார். இதை நம்பலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. 1846இல் அவர் அப்போது வேலை பார்த்த நிறுவனம் அவரைத் தன் முகவராக பீட்டர்ஸ்பர்குக்கு அனுப்பியது. அங்கே அவுரி விற்றே பெரும் பணக்காரரானார்.

கிரேக்கம் அடுத்த வாரம். கோபித்துக்கொள்ள வேண்டாம், ஷ்லீமானே அதை வருடக்கணக்கில் தள்ளிப்போட்டவர்தான். அதன் மயக்கத்தில் வியாபாரம் கெட்டுவிடும் என்ற பயத்தில் 1856 வரை அந்தப் பக்கமே போகவில்லையாம்.